பந்து கைக்கு வராத இடத்தில் நின்றவர்

கேள்வி: ஃபுளோரிடாவின் டாம்பாவுக்கு வேலை மாறி வந்து ஓராண்டு ஆகிறது. பிராண்டனிலிருந்து தினமும் செல்மன் எக்ஸ்பிரஸ்வேயில்தான் அலுவலகம் போகிறேன். செல்மன் ஒரு அமெரிக்க ஃபுட்பால் வீரர், டிஃபென்சிவ் லைனில், அதாவது தடுப்பு முன்வரிசையில் ஆடியவர் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள். என் மகனையும் பள்ளி அணியில் அதே இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். “பந்தே கைக்கு வர்றதில்லப்பா” என்று வருத்தப்படுகிறான். பந்தைத் தொடாத இடத்தில் ஆடிய ஒருவருக்கு எதை வைத்து இவ்வளவு மரியாதை? ஒரு நெடுஞ்சாலைக்கே பெயர் வைக்கும் அளவுக்கு அவர் என்ன செய்தார்?

பதில்:

உங்கள் மகனுடைய வருத்தம் நியாயமானது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் இருக்கும் 22 பேரில் பார்வையாளர் கண்ணில் மிகக் குறைவாகப் படுபவர்கள் இரு பக்கத்து லைன்மேன்கள்தான். ஸ்கோர்போர்டில் ஏறும் எதிலும் அவர்கள் பெயர் இருக்காது. லீ ராய் செல்மனும் வாழ்நாளெல்லாம் அந்த இடத்தில் நின்றவர்தான். அவருக்கு ஏன் இத்தனை மரியாதை என்று புரிய வேண்டுமானால், அந்த இடத்தில் என்ன வேலை நடக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எல்லோரையும்போல பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குவார்ட்டர்பேக் பந்தை வாங்குகிறார், எறிகிறார், யாரோ பிடிக்கிறார், கூட்டம் கத்துகிறது. ஒருநாள் அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார்: “அடுத்த பத்து முறை ஆட்டம் தொடங்கும்போது பந்தைப் பார்க்காதே. நடுக்கோட்டில் குனிந்து நிற்பவர்களை மட்டும் பார்.” அன்றுதான் எனக்கு இந்த விளையாட்டு பிடிபட்டது.

லைன்மேன் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார். பந்து அசைந்த நொடியில் எதிரே நிற்பவர் அவர்மேல் மோதுவார். அந்த மோதலில் யார் பின்னால் தள்ளப்படுகிறாரோ, அவருக்குப் பின்னாலுள்ள எல்லோருடைய திட்டமும் கெட்டுப்போகிறது. நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும் என்பதுதான் ஆட்டத்தின் அடிப்படைக் கணக்கு. அந்த 10 கெஜத்தைக் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கிற முதல் ஆள் டிஃபென்சிவ் லைன்மேன்.

இதற்குள் இன்னொரு கணக்கு இருக்கிறது, இந்தப் பதிலில் எனக்கு முக்கியமானது அதுதான். ஒரு லைன்மேனை ஒருவரால் சமாளிக்க முடியவில்லை என்றால் எதிரணி இரண்டு பேரை அவர்மேல் விடும். இதை ‘டபுள் டீம்’ என்பார்கள். பக்கத்துக்கு 11 பேர்தான். அந்த ஒருவருக்கே இரண்டு பேர் செலவாகிவிட்டால் மிச்சம் இந்தப் பக்கம் 10, அந்தப் பக்கம் 9. அந்த 9 பேரிலும் ஒருவர் பந்தோடு ஓட வேண்டும். ஆக, பின்னால் நிற்கும் லைன்பேக்கர் தடுக்க ஆளில்லாமல் வந்து ஓடுகிறவரை மடக்குவார். டேக்கிள் என்று ஏட்டில் அவர் பெயர் ஏறும். இரண்டு பேரைத் தாங்கிக்கொண்டு நின்றவருக்கு எந்தக் கணக்கிலும் எதுவும் ஏறாது. கபடியில் ரெய்டர் காலைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்தியவரை விட்டுவிட்டு, கடைசியில் மேலே விழுந்தவரைப் பாராட்டுவது மாதிரி.

சரி, இனி செல்மன் கதைக்கு வருகிறேன்.

ஓக்லஹோமா மாநிலத்தின் கிழக்கே யுஃபாலா என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் ஒன்பது பிள்ளைகள். கடைசிப் பிள்ளை லீ ராய், பிறந்தது 1954 அக்டோபர் 20. அவருக்கு நேர் மூத்தவர் டூயி, பதினோரு மாதமே பெரியவர். இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பில் சேர்ந்து படித்தார்கள். அவர்களுக்கும் மூத்தவர் லூஷியஸ். ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிக்கு முதலில் போனவர் லூஷியஸ்தான். தம்பிகள் இருவரும் பின்னாலேயே போனார்கள்.

1973-ல் நடந்தது கல்லூரி ஃபுட்பால் வரலாற்றில் அபூர்வமானது. பாரி ஸ்விட்சர் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டு அது. அவருடைய தடுப்பு வரிசையில் மூன்று அண்ணன் தம்பிகள் ஒன்றாக நின்றார்கள். நடுவில் நோஸ் கார்டாக லூஷியஸ், கூடவே லீ ராயும் டூயியும். ஒரே தாய் வயிற்றில் பிறந்த மூன்று பேர் ஒரே வரிசையில், தேசத்தின் மிகப் பெரிய அணிகளில் ஒன்றுக்கு! அந்த மாநிலத்து ரசிகர்கள் ‘கடவுள் திருமதி செல்மனை ஆசீர்வதிப்பாராக’ என்று காருக்குப் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த விவரம் இது. வீரனுக்கு விருது கொடுக்கிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. பெற்றவளுக்கு நன்றி சொல்லத் தோன்றியது அந்த மூன்று பேரைப் பார்த்துத்தான். ‘ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்’ என்று படித்து வளர்ந்த நமக்கு, அந்த ஸ்டிக்கர் ஒட்டியவர்களின் மனம் புரியாமல் போகாது.

1973-லிருந்து 1975 வரை மூன்று ஆண்டுகளில் அந்த அணி வென்றது 32, சமன் 1, தோல்வி 1. அந்த ஒரே தோல்வி 1975 நவம்பரில் கான்சஸிடம், 23-3. அதற்கு முன் 28 ஆட்டங்கள் தொடர்ச்சியாக வென்றிருந்தார்கள்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. ஸ்விட்சருக்கு முந்தைய காலத்தில் ஒரு மாணவரின் பள்ளி மதிப்பெண் சான்றிதழைத் திருத்திச் சேர்த்த விவகாரத்தில் அணி தண்டனைக்கு உள்ளாகியிருந்தது. 1973, 1974 பருவங்களின் முடிவில் சிறந்த அணிகள் ஆடும் பௌல் ஆட்டம் எதற்கும் போகக் கூடாது. 1974-ல் அவர்கள் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டவும் கூடாது. அந்த ஆண்டு ஆடிய 11 ஆட்டத்தையும் வென்றார்கள். செய்தியாளர்கள் வாக்களிக்கும் ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) பட்டியலில் அவர்களே தேசிய சாம்பியன். பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் பட்டியலோ தண்டனையில் இருக்கும் அணியைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆகவே தேசத்தின் மிகச் சிறந்த அணியைத் தேசம் கண்ணால் பார்க்கவில்லை. லீ ராய் செல்மனின் இருபது வயது ஆட்டம் இப்படி மறைந்தே போயிற்று. ஏற்கனவே யாரும் கவனிக்காத இடம், அதிலும் படம் பிடிக்கப்படாத ஆண்டு. பழைய ஒளிப்பதிவுகளைத் தேடிப்போகும் ஒவ்வொரு முறையும் இது என்னை உறுத்துகிறது.

1975 அவருடைய கடைசிக் கல்லூரி ஆண்டு. பௌல் தடை முடிந்து ஆரஞ்சு பௌலுக்குப் போனார்கள். 1976 ஜனவரி 1 அன்று மியாமியில் மிச்சிகனோடு ஆட்டம். ஓக்லஹோமா 14-6 என்று வென்றது. தடுப்பாட்டத்தில் சிறந்தவர் என்ற பரிசு லீ ராய்க்கு. அதே நாளில் முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட் ரோஸ் பௌலில் யூசிஎல்ஏவிடம் தோற்றது. மறுபடி தேசிய சாம்பியன் பட்டம், இந்த முறை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க.

அந்தப் பருவத்தில் லைன்மேனுக்குக் கிடைக்கக்கூடிய இரண்டு பெரிய விருதுகளும் அவருக்கே வந்தன. ஒன்று அவுட்லண்ட் டிராஃபி, 1946-லிருந்து நடு வரிசை ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கப்படுவது. இன்னொன்று லொம்பார்டி விருது. 1970-ல் புற்றுநோயில் இறந்த பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் நினைவாக ஹூஸ்டன் ரோட்டரி கிளப் தொடங்கியது. லொம்பார்டி மாணவராக ஃபோர்டம் கல்லூரியில் ஆடியபோது அந்த அணியின் முன்வரிசைக்கு ‘ஏழு கருங்கற்கள்’ என்று பெயர். அதனால் விருதே ஒரு கிரானைட் கல்லாகத்தான் செய்யப்பட்டது. லைன்மேனுக்குக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தோன்றவில்லை. தங்கமுலாம் பூசிய கோப்பை பந்தோடு ஓடுகிறவருக்குச் சரி. நகராமல் நிற்பவருக்குக் கல்தான்.

ஹைஸ்மன் டிராஃபி கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய தனிநபர் விருது அது. 1935-லிருந்து கொடுக்கிறார்கள். டிஃபென்சிவ் லைன்மேன் என்ற முறையில் இதுவரை ஒருவர்கூட அதை வாங்கியதில்லை. 1957-ல் ஐயோவாவின் அலெக்ஸ் காரஸ் இரண்டாவது வந்தார். 1972-ல் நெப்ராஸ்காவின் ரிச் குளோவர் மூன்றாவது. 1980-ல் பிட்ஸ்பர்கின் ஹியூ கிரீன் இரண்டாவது. 2021-ல் மிச்சிகனின் எய்டன் ஹட்சின்சன் இரண்டாவது. வாக்களிப்பவர்களும் பந்தைத்தான் பார்க்கிறார்கள் என்பதற்கு இந்தப் பட்டியலே சாட்சி. அது அநியாயம் என்பது என் கருத்து, அதை மாற்றிக்கொள்ள எனக்கு இதுவரை காரணம் கிடைக்கவில்லை.

இங்கே எண்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரை மடக்கி வீழ்த்துவதற்குப் பெயர் ‘சேக்’. லைன்மேனுக்குக் கிடைக்கும் ஒரே பளிச்சென்ற கணக்கு அதுதான். அதையே தொழில்முறை லீகான என்எஃப்எல் அதிகாரபூர்வமாகக் குறித்துவைக்கத் தொடங்கியது 1982-ல். கல்லூரி அளவில் தடுப்பாட்டக் கணக்குகள் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் அதிகாரபூர்வ ஏட்டில் ஏறியது 2000-லிருந்துதான். அதாவது செல்மன் கல்லூரியில் செய்த வேலைக்குத் தேசிய அளவில் கணக்கேடே கிடையாது. அணிகள் தங்களுக்குள் வைத்திருந்த குறிப்புகள் மட்டுமே. தொழில்முறை ஆட்டத்தில் அவருக்கு 78.5 சேக் என்று சொல்லப்படுவதும் பிற்பாடு பழைய குறிப்புகளிலிருந்து கூட்டி எடுத்தது. அதிகாரபூர்வமாக அவர் பெயரில் இருப்பது 23.

எண்கள் வந்தபிறகு என்ன ஆயிற்று என்பதற்கு 2009-ல் நெப்ராஸ்காவின் இண்டாமுகாங் சூ நல்ல உதாரணம். டெக்ஸஸுக்கு எதிராக, பிக் 12 என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் 12 டேக்கிள், 4.5 சேக். அவர் அணி 13-12 என்று கடைசி நொடியில் தோற்றது. ஆனாலும் அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் என்று ஏபி அவரைத் தேர்ந்தெடுத்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. ஹைஸ்மனில் மட்டும் நான்காவது இடம். செல்மன் காலத்தில் இப்படி எண்களை அடுக்கிக் காட்ட வழியில்லை. அவரை அறிந்தவர்கள் எதிரே நின்றவர்கள், கூட நின்றவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள், அவ்வளவுதான். எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்களை வளர்த்த ஸ்விட்சர், தன்னிடம் ஆடியவர்களில் ஆகச் சிறந்தவர் லீ ராய்தான் என்று சொல்லிவந்தார்.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம்.

1976-ல் டாம்பா பே பக்கனியர்ஸ் என்எஃப்எல்லில் புது அணி. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் அந்த ஆண்டு டிராஃப்டில் ஒட்டுமொத்தமாக முதல் தேர்வு அவர்களுடையது. லீ ராய் செல்மனை எடுத்தார்கள். இரண்டாவது சுற்றில் டூயியையும் எடுத்து அண்ணன் தம்பியை ஒன்றாக வைத்தார்கள். அப்புறம் நடந்ததுதான் கொடுமை. முதல் ஆண்டு 14 ஆட்டத்திலும் தோல்வி. இரண்டாம் ஆண்டு முதல் 12 ஆட்டத்திலும் தோல்வி. மொத்தம் 26 தோல்வி, ஒரு வெற்றி கூட இல்லை. நாடே சிரித்தது. மூன்று ஆண்டில் ஒரே ஒரு தோல்வியைப் பார்த்துவிட்டு வந்தவர் அந்தச் சிரிப்பின் நடுவே வாராவாரம் போய்க் குனிந்து நின்றார். முதல் வெற்றி 1977 டிசம்பர் 11 அன்று நியூ ஆர்லியன்ஸில் கிடைத்தது, 33-14.

அதற்கு இரண்டே ஆண்டில், 1979-ல், அதே அணி 10 வெற்றி, 6 தோல்வி என்று முடித்தது. லீகிலேயே குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த தடுப்பணி அவர்களுடையது. பிளேஆஃபில் பிலடெல்ஃபியாவை வென்று, இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு ஒரு ஆட்டம் முன்பு வரை போய், லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸிடம் 9-0 என்று தோற்றார்கள். அந்த ஆண்டு என்எஃப்எல்லின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற ஏபி விருது லீ ராய்க்கு. அவர்கள் ஆடியது மூன்று பேர் மட்டுமே முன்வரிசையில் நிற்கும் ‘3-4’ என்ற அமைப்பு. லைன்மேனுக்கு அது இன்னும் கடினம். வலது ஓரத்தில் நின்ற அவர்மேல் இரண்டு பேர், சில நேரம் மூன்று பேர். பின்னால் லைன்பேக்கராக நின்றவர்களில் அவருடைய அண்ணன் டூயியும் ஒருவர். மேலே சொன்ன கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். தம்பி இரண்டு பேரைப் பிடித்து வைத்துக்கொள்ள, அண்ணன் வந்து மடக்குகிறார்.

ஒன்பது பருவம், 121 ஆட்டம், லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் புரோ பௌலுக்கு ஆறு முறை தேர்வு. 1984 பருவத்தோடு முதுகுத்தண்டு வட்டு பிசகியதால் ஆட்டம் நின்றுபோயிற்று. அவர் அணிந்த 63-ஐ இனி யாரும் அணியக் கூடாது என்று 1986-ல் பக்கனியர்ஸ் ஓய்வு கொடுத்தார்கள். அந்த அணி ஓய்வு கொடுத்த முதல் எண் அது. 1988-ல், மிகச் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 1995-ல் தொழில்முறை ஹால் ஆஃப் ஃபேமிலும், டாம்பா அணியிலிருந்து போன முதல் ஆள் என்ற பெருமையோடு. 2009-ல் மைதானத்தில் ‘ரிங் ஆஃப் ஆனர்’ என்று ஒன்றை அமைத்தபோது அதில் ஏறிய முதல் பெயரும் அவருடையது.

ஆனால் சாலைக்குப் பெயர் வந்ததற்கு இந்த விருதுகள் மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் ஓக்லஹோமாவுக்குத் திரும்பிப் போய்விடாமல் டாம்பாவிலேயே இருந்துவிட்டார். அதுதான் பெரிய விஷயம். 1993-ல் சவுத் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் சேர்ந்தார். அப்போது அங்கே ஃபுட்பால் அணியே கிடையாது. ஒரு அணியை ஒன்றுமில்லாததிலிருந்து கட்டுவதென்றால் பணம் திரட்ட வேண்டும், ஆட்களை நம்பவைக்க வேண்டும், வீடு வீடாகக் கூடப் போக வேண்டியிருக்கும். அந்த வேலையில் முன்னால் நின்றவர்களில் அவர் ஒருவர். 1997-ல் அணி முதல் ஆட்டம் ஆடியது. 2001-லிருந்து 2004 வரை அவரே விளையாட்டுத் துறை இயக்குநர். அந்தக் காலத்தில்தான் பிக் ஈஸ்ட் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில் சேர அழைப்பு வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மையம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. இங்கேயும் அவர் செய்தது அதே வேலைதான் என்று எனக்குப் படுகிறது. சுமையைத் தான் தாங்கிக்கொண்டு, பின்னால் வருகிறவர்கள் ஓட இடம் செய்து கொடுத்தார்.

மனிதரும் மென்மையானவர். மைதானத்தில் எதிராளியைக் கீழே தள்ளிவிட்டுக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறவர். அதிர்ந்து பேச மாட்டார். ஊரில் அவரோடு பழகியவர்கள் பேசும்போது ஆட்டத்தைவிட இதைத்தான் முதலில் சொல்வார்கள். கவனித்துப் பாருங்கள், உங்கள் அலுவலகத்திலேயே வயதானவர்கள் யாராவது சொல்வார்கள்.

சவுத் கிராஸ்டவுன் எக்ஸ்பிரஸ்வே என்றிருந்த சாலைக்கு 1999-ல் லீ ராய் செல்மன் பெயர் வந்தது. அவர் உயிரோடு, அதே ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது. இறந்தபிறகு பெயர் வைப்பது எளிது. உயிரோடு இருக்கும் ஒருவருக்கு, அதுவும் பந்தோடு ஓடாத ஒருவருக்கு, ஊரே தினமும் பயன்படுத்தும் சாலையைக் கொடுத்தார்கள். நீங்கள் காலையில் நகருக்குள் போகவும் மாலையில் பிராண்டனுக்குத் திரும்பவும் திசை மாறுகிற மேம்பாலத் தடம் 2006-ல் திறந்தது. காண்டி பக்கம் நீட்டிய பகுதி 2021-ல் வந்தது. பெயர் அப்படியே நீண்டுகொண்டு போகிறது. இப்போது யாரும் முழுப்பெயர்கூடச் சொல்வதில்லை. “செல்மன்ல வந்தா பத்து நிமிஷம்” என்று நாமே பேசுகிறோமே.

அவருடைய கடைசி நாட்களையும் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 2, வெள்ளிக்கிழமை, வீட்டில் பக்கவாதம் தாக்கியது. மறுநாள் சனிக்கிழமை சவுத் ஃபுளோரிடா அணி இந்தியானாவுக்குப் போய் நோட்டர் டேம் அணியை அதன் சொந்த மைதானத்தில் சந்திக்கிறது. இடி மின்னலால் ஆட்டம் இரண்டு முறை நிறுத்தப்பட்டு மணிக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 23-20 என்று வென்றார்கள். அவர் பாடுபட்டு உருவாக்கிய, பதினைந்து வயதுகூட நிரம்பாத அணி, கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பழைய பெயர்களில் ஒன்றை வீழ்த்தியது. அவர் மருத்துவமனையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார். வயது 56. அந்த வாரக்கடைசியை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஓக்லஹோமாவில் ஹைஸ்மன் வென்றவர்களுக்கு மைதானத்துக்கு எதிரே சிலை வைப்பது வழக்கம். அங்கிருந்து வென்ற 7 பேருமே குவார்ட்டர்பேக் அல்லது ரன்னிங் பேக். அந்த வழியில் செல்மனுக்கு என்றைக்கும் சிலை வந்திருக்காது. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு மூன்று சகோதரர்களுக்கும் சேர்த்து ஒரு சிலை எழுப்பினார்கள், லூஷியஸ், டூயி, லீ ராய் மூவரும் ஒன்றாக. ஒருவரைத் தனியாக நிறுத்தியிருந்தால் தவறாகியிருக்கும். அவர்கள் ஒரு வரிசை.

உங்கள் மகன் விஷயம். அடுத்த ஆட்டத்துக்கு நீங்கள் போகும்போது பந்தைப் பார்க்காதீர்கள், அவனை மட்டும் பாருங்கள். பந்து அசைந்ததும் அவன்மேல் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துப்போய், இரண்டு பேர் வந்த ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் பையன் தடையில்லாமல் போய் டேக்கிள் செய்திருந்தால் அந்தக் கோட்டை வட்டமிடுங்கள். அப்புறம் அவன் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொடங்கிய இடத்திலிருந்து பின்னால் போகவில்லை என்றால் அவன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறான் என்று அர்த்தம். ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் அந்தத் தாளை அவன் கையில் கொடுங்கள். அவனுடைய பயிற்சியாளரும் வாரக் கடைசியில் வீடியோவைப் போட்டு இதையேதான் பார்ப்பார்.

வீட்டுக்குப் போனதும் 1976 ஆரஞ்சு பௌல் ஒளிப்பதிவு கிடைக்கிறதா என்று தேடி இருவரும் உட்கார்ந்து பாருங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். ஓக்லஹோமா தடுப்பு வரிசையில் 93 என்ற எண் அவருடையது. பக்கத்தில் 91, அது டூயி. வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். 93-ஐ எத்தனை பேர் பிடிக்க வருகிறார்கள் என்று அவனே எண்ணட்டும்.